செயலி மாறலாம், சேதி சேர வேண்டும்

வானொலிக்கு நேயர்கள் எந்த வழியாக வருகிறார்கள் என்பதைக் கவனித்தாலே போதும், நம் மக்களின் தொடர்புப் பழக்கம் எப்படியெல்லாம் மாறியிருக்கிறது என்று தெரிந்துவிடும். எங்கள் நிலையத்தின் மூத்த அறிவிப்பாளர்கள் அஞ்சலட்டைக் காலத்தைப் பற்றிச் சொல்வார்கள். பாடல் கேட்டு எழுதிய அட்டை வந்து சேர்ந்து, அந்தப் பாடல் ஒலியேறுவதற்கு வாரக்கணக்கில் ஆகுமாம். அப்புறம் தொலைபேசி. பிறகு குறுந்தகவல். நான் ஒலிவாங்கி முன் உட்காரத் தொடங்கியபோது நேயர்கள் முகநூல் பக்கத்தில் கருத்து எழுதிக்கொண்டிருந்தார்கள். சில ஆண்டுகளில் கூட்டம் வாட்ஸ்அப் பக்கம் நகர்ந்தது. அங்கேயும் முதலில் எழுத்து, பிறகு குரல் பதிவு. இப்போது நிகழ்ச்சி போய்க்கொண்டிருக்கும்போதே டிக்டாக் நேரலையில் எட்டிப் பார்த்து வணக்கம் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள்.

ஒவ்வொரு மாற்றத்தின்போதும் புதிய குரல்கள் உள்ளே வந்தன. பழைய குரல்கள் சில நின்றுபோயின. வாரம் தவறாமல் தொலைபேசியில் அழைத்துப் பாட்டுக் கேட்ட பெரியவர்களில் பலர் குறுந்தகவல் காலத்தில் ஒதுங்கிவிட்டார்கள் என்று மூத்தவர்கள் சொல்வார்கள். முகநூலில் தினமும் எழுதிக்கொண்டிருந்த நடுத்தர வயதுக்காரர்களில் சிலரை நாங்களே இப்போது தேட வேண்டியிருக்கிறது. விலகுகிறவர்கள் யாரும் சொல்லிக்கொண்டு போவதில்லை. ஒருநாள் யாராவது, "அந்த அக்கா இப்போ பேசுறதே இல்லையே" என்று கேட்கும்போதுதான் நமக்கே உறைக்கிறது.

வானொலியில் நடப்பது இப்போது குடும்பங்களுக்குள்ளும் நடக்கிறது. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அதுதான்.

ஒரே வீடு, நான்கு வாசல்

நம்மில் பலருடைய வீட்டுக்கும் பொருந்தும் ஒரு கணக்கைச் சொல்கிறேன். தாத்தா பாட்டிக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவும் வீடியோ அழைப்பும். அம்மா அப்பாவுக்கு முகநூல், கூடவே பத்துப் பன்னிரண்டு வாட்ஸ்அப் குழுக்கள். வேலைக்குப் போகும் அண்ணன் அக்காவுக்கு இன்ஸ்டாகிராம், லிங்க்ட்இன், அலுவலக டெலிகிராம். இடைநிலைப்பள்ளியில் படிக்கும் தம்பிக்கு டிக்டாக், டிஸ்கார்ட், விளையாட்டுக்குள்ளேயே இருக்கும் அரட்டைப் பெட்டி. ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள். ஒரே வைஃபையைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் ஒருவர் இருக்கும் இடத்தில் இன்னொருவர் இல்லை.

சிறிது காலத்துக்கு முன் ஈப்போவிலிருந்து ஓர் அம்மா நிகழ்ச்சிக்கு அழைத்தார். குடும்ப உறவுகளைப் பற்றிய உரையாடல் அது. "ஏம்மா, எங்க பெரிய மாமா தவறிட்டாரு. அவங்க மகன் பேஸ்புக்ல போட்டிருக்காரு. நான் பார்க்கும்போது மூனு நாள் ஆயிருச்சு. முகத்தைக்கூடப் பார்க்க முடியலையேம்மா" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. தன்னை யாரோ ஒதுக்கிவிட்டார்கள் என்ற வருத்தம் மட்டும் இருந்தது. அந்த மகனோ எல்லாருக்கும் சொல்லிவிட்டதாகவே நினைத்திருப்பார். நூற்றுக்கணக்கான நண்பர்கள் உள்ள பக்கத்தில் பதிவு போட்டாகிவிட்டது. ஆறுதல் வார்த்தைகளும் வந்து குவிந்திருக்கும்.

அந்த அழைப்புக்குப் பிறகு இதே போன்ற குரல் பதிவுகள் பல வந்தன. ஒருவருக்கு நிச்சயதார்த்தச் செய்தி வரவில்லை. இன்னொருவருக்குக் கருமக்கிரியை நாள் தெரியவில்லை. எல்லாரிடமும் திறன்பேசி இருந்தது. எல்லாரும் ஏதாவது ஒரு செயலியில் இருந்தார்கள். ஆனால் சேதி சேரவில்லை.

துரத்தினால் பிடிபடாது

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் தீர்வு, காலத்துக்கு ஏற்ப எல்லாவற்றையும் கற்றுக்கொள்ளுங்கள் என்பது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நடைமுறைக்கு ஒத்துவராது. புதிய கருவிகள் வரும் வேகத்துக்கு முழுநேர வேலையாக ஊடகத்தில் இருக்கும் எங்களாலேயே ஈடுகொடுக்க முடிவதில்லை.

பழைய பெயர்களைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். என் வயதுக்காரர்கள் பலருக்கும் முதல் சமூக ஊடகம் ஃப்ரெண்ட்ஸ்டர். நம் வட்டாரத்தில் அது அவ்வளவு பிரபலமாக இருந்ததால் 2009ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு மலேசிய நிறுவனமே அதை வாங்கியது. 2011இல் அது விளையாட்டுத் தளமாக மாற்றப்பட்டபோது நாம் போட்டு வைத்திருந்த படங்களும் நண்பர்கள் எழுதிய பாராட்டுரைகளும் நீக்கப்பட்டன. ஆர்குட் 2014இல் மூடப்பட்டது. யாஹூ மெசஞ்சர் 2018இல் விடைபெற்றது. கூகல் பிளஸ் 2019இல் முடிந்தது. வெளிநாட்டு உறவுகளோடு முகம் பார்த்துப் பேசும் பழக்கத்தை நம் வீடுகளுக்குக் கொண்டுவந்த ஸ்கைப்கூட 2025 மே மாதத்தில் நிறுத்தப்பட்டுவிட்டது.

நான் ஊடகவியல் படித்த ஆண்டுகளில் விரிவுரையில் உதாரணமாகக் காட்டப்பட்ட தளங்களில் பாதி, பட்டம் வாங்கும்போதே பழசாகிவிட்டன. ஆனால் படித்தது வீண் இல்லை. ஓர் ஊடகத்தைப் பார்த்தவுடன் என்ன கேட்க வேண்டும் என்பதை அந்தப் படிப்பு சொல்லிக்கொடுத்தது. எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்பது அடுத்த மாதம் மாறிவிடும். கேட்க வேண்டிய கேள்விகள் மாறுவதில்லை. என் கணக்கில் அவை மூன்று. இங்கே பேசினால் யார் கேட்பார்கள்? பேசியது எவ்வளவு நாள் இருக்கும்? யார் கண்ணில் படும் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்?

இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் எந்தப் புதிய செயலியையும் பத்து நிமிடத்தில் எடைபோட்டுவிடலாம்.

யார் கேட்கிறார்கள்?

முகநூல் நம்மிடையே பரவிய காலத்தில் எல்லாம் திறந்த வெளியில் நடந்தது. பிறந்தநாள் வாழ்த்து ஒருவருடைய சுவரில் எழுதப்படும், ஊரே பார்க்கும். அந்தப் பழக்கம் மெல்ல மெல்ல மூடிய அறைகளுக்குள் போய்விட்டது. இப்போது வாழ்த்து குடும்பக் குழுவில் வருகிறது, அல்லது தனிச் செய்தியாக வருகிறது. உங்கள் மகளின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் மொத்தம் ஆறு படங்கள்தான் இருக்கின்றன என்றால் அவள் இன்ஸ்டாகிராமைப் பயன்படுத்தவில்லை என்று பொருள் இல்லை. அவளுடைய பேச்செல்லாம் ஸ்டோரியிலும், நெருங்கிய நண்பர்கள் மட்டும் பார்க்கும் பட்டியலிலும், தனிச் செய்திகளிலும் நடக்கிறது.

டிக்டாக் இதற்கு நேர் எதிர். அங்கே நண்பர் பட்டியலே பெரிதாகத் தேவையில்லை. கணக்குத் தொடங்கிய முதல் நாளே முன்பின் தெரியாதவர்களின் காணொளிகள் வரிசையாக வரும். அதேபோல் நாம் போடுவதும் முன்பின் தெரியாதவர்களிடம் போய்ச் சேரும். முகநூல் காலத்துப் பெற்றோர் பலர் பிள்ளையின் நண்பர் பட்டியலைப் பார்த்துவிட்டு, "எல்லாம் தெரிஞ்ச பிள்ளைங்கதான்" என்று நிம்மதி அடைவார்கள். அந்த நிம்மதி இங்கே செல்லாது. பிள்ளையிடம், "யார் கூட நட்பா இருக்கே?" என்று கேட்பதைவிட, "இன்னைக்கு உனக்கு என்னென்ன வந்துச்சு? காட்டு, நானும் பார்க்கிறேன்" என்று கேட்பதுதான் பயன் தரும். பக்கத்தில் உட்கார்ந்து பத்து நிமிடம் சேர்ந்து பார்த்தால், கைப்பேசியைப் பிடுங்கி ஒரு மணி நேரம் சோதிப்பதைவிட அதிகம் தெரிந்துகொள்ளலாம்.

எவ்வளவு நாள் இருக்கும்?

ஸ்னாப்சாட் 2011இல் வந்தபோது, பார்த்ததும் மறைந்துவிடும் படம் எதற்கு என்று பெரியவர்கள் சிரித்தார்கள். 2016 ஆகஸ்டில் இன்ஸ்டாகிராம், 24 மணி நேரத்தில் மறையும் ஸ்டோரியைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் அந்த வடிவத்துக்கு மாறியது. இன்று நம் அத்தைமார்கள்தான் காலை வணக்கம், முருகன் படம், பேரப்பிள்ளை நடனம் என்று ஸ்டேட்டஸை நிரப்புகிறார்கள். மறைந்துபோவது என்பது பழக்கமாகிவிட்டது.

இதில் இரண்டு பக்கமும் ஏமாற்றம் உண்டு. மறைந்துவிடும் என்று நம்பிப் போட்டதை யாரோ திரைப்பிடிப்பு எடுத்து வைத்திருப்பார்கள். கோபத்தில் அலுவலகத்தைத் திட்டிப் போட்ட இரண்டு வரி, மறுநாள் மேலாளர் மேசையில் இருக்கும். மறுபக்கம், நிரந்தரமாக இருக்கும் என்று நம்பியது காணாமல் போகும். மைஸ்பேஸ் தளத்தில் 2003 முதல் 2015 வரை ஏற்றப்பட்ட பாடல்களும் படங்களும் சேவையகத்தை மாற்றும்போது அழிந்துபோனதை அந்த நிறுவனம் 2019இல் ஒப்புக்கொண்டது. அங்கே தங்கள் முதல் பாடலை வைத்திருந்த இசைக்கலைஞர்கள் எத்தனையோ பேர்.

நம் குடும்பப் படங்களும் இன்று அதே நிலையில்தான் இருக்கின்றன. முன்பு கல்யாண ஆல்பம் அலமாரியில் இருக்கும். இப்போது தாத்தாவின் கைப்பேசியிலும், அவருடைய கூகல் கணக்கிலும், யாருடைய முகநூல் பக்கத்திலோவும் சிதறிக் கிடக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை நீக்கும் நடைமுறையை கூகல் 2023 டிசம்பரில் தொடங்கியது. தாத்தா தவறிய பிறகு அவருடைய கணக்கை யாரும் திறக்காமல் விட்டால் அதிலுள்ள படங்களும் போய்விடலாம். தம் காலத்துக்குப் பிறகு முகநூல் பக்கத்தைப் பார்த்துக்கொள்ள ஒருவரை முன்கூட்டியே நியமிக்கும் வசதி 2015 முதல் இருக்கிறது. கூகலிலும் அதுபோன்ற ஏற்பாடு உண்டு. நகையையும் வீட்டு மனையையும் பற்றிப் பேசும் குடும்பங்கள் படங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளலாம்.

யார் முடிவு செய்கிறார்கள்?

மூன்றாவது கேள்விதான் ஈப்போ அம்மாவின் வருத்தத்துக்குக் காரணம்.

வானொலியில் காலை எட்டு மணிச் செய்தி என்றால் ஜொகூரில் இருப்பவருக்கும் கெடாவில் இருப்பவருக்கும் அதே நேரத்தில் அதே செய்திதான். நாளிதழின் நினைவஞ்சலிப் பக்கமும் அப்படித்தான். வாங்கியவர் எல்லாருக்கும் ஒரே பக்கம். சமூக ஊடகம் அப்படி வேலை செய்யவில்லை. நீங்கள் போடும் பதிவு உங்கள் நண்பர்கள் எல்லாருக்கும் காட்டப்படுவதில்லை. ஒருவர் எதை விரும்பிப் பார்ப்பார், எதில் நின்று பார்ப்பார், யாருடைய பதிவுக்கு அடிக்கடி பதில் எழுதுவார் என்பதையெல்லாம் கணித்து, அவருக்கு எது மேலே வர வேண்டும் என்று கணினி நிரல் முடிவு செய்கிறது. இன்ஸ்டாகிராமும் தொடக்கத்தில் நேர வரிசைப்படிதான் படங்களைக் காட்டியது. 2016இல் அதுவும் கணிப்பு முறைக்கு மாறியது. அதற்குப் பிறகு டிக்டாக்கின் வெற்றியைப் பார்த்த மற்ற தளங்களும், நாம் பின்தொடராதவர்களின் காணொளிகளை நடுநடுவே அதிகமாகச் செருகத் தொடங்கிவிட்டன.

அந்த அம்மா முகநூலில் பெரும்பாலும் சமையல் காணொளியும் கோயில் திருவிழாவும் பார்ப்பவராக இருக்கலாம். மாமா மகனின் பதிவுகளுக்கு அவர் எப்போதும் விருப்பம் போடுகிறவராக இல்லாமலும் இருந்திருக்கலாம். அப்படியானால் அந்த மரணச் செய்தி அவருக்கு முக்கியமானது என்று நிரலுக்கு எப்படித் தெரியும்? அது சொந்தம் பார்த்து வேலை செய்வதில்லை. பழக்கம் பார்த்து வேலை செய்கிறது.

இதனால் ஒரு முடிவுக்கு வரலாம். கொண்டாட்டத்தைப் பகிர்வதற்குச் சமூக ஊடகம் நல்ல இடம். கட்டாயம் சேர வேண்டிய சேதிக்கு அது போதாது. பதிவு போடுவது வேறு, தகவல் சொல்வது வேறு.

பாட்டியை உள்ளே கொண்டுவந்த குரல்

மாற்றங்கள் எல்லாம் இழப்பு இல்லை. கைப்பேசியில் தமிழ் வந்த கதையே அதற்குச் சாட்சி. ஒரு காலத்தில் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்து, படிக்கும்போது இரண்டு முறை யோசித்துப் புரிந்துகொள்வோம். நம் நாட்டைச் சேர்ந்த முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் 2005இல் கைப்பேசிக்கு வந்தபோது தமிழிலேயே எழுதி அனுப்ப வழி பிறந்தது. இப்போது எந்தத் திறன்பேசியிலும் தமிழ் விசைப்பலகை இருக்கிறது. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் வாட்ஸ்அப்பைப் புலனம் என்றும், இன்ஸ்டாகிராமைப் படவரி என்றும் கட்டுரையில் எழுதுகிறார்கள். வீட்டுக்கு வந்ததும் வாட்ஸ்அப் என்றே சொல்கிறார்கள். இரண்டும் தெரிந்திருப்பதில் ஒரு நஷ்டமும் இல்லை.

ஆனால் எழுதவே தயங்குகிறவர்களுக்கு விசைப்பலகை எந்த மொழியில் இருந்தால் என்ன? 2013இல் வாட்ஸ்அப்பில் வந்த குரல் பதிவுதான் அவர்களுக்குக் கதவைத் திறந்தது. தோட்டத்தில் பால்மரம் வெட்டி, பள்ளிக்கூடம் அதிகம் போகாத பாட்டிகளின் குரல் எங்களுக்கு வரத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். பொத்தானை அழுத்திப் பிடித்தால் போதும். சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு பாட்டி, பின்னால் சேவல் கூவ, "எம்மா, அந்தப் பழைய பாட்டு ஒன்னு போடும்மா" என்று பதிவு செய்து அனுப்புவார். அதை அப்படியே ஒலிபரப்பும்போது நிலையத்தில் எல்லார் முகத்திலும் ஒரு மகிழ்ச்சி வரும்.

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது இந்தப் பழக்கம் இன்னும் ஆழமாக வேரூன்றியது. திருமணமும் இறுதிச் சடங்கும் நேரலையில் நடந்தன. வீடியோ அழைப்பை எப்படி எடுப்பது என்று கற்றுக்கொண்ட பெரியவர்கள் அதற்குப் பிறகு அதை விடவே இல்லை. தேவை வந்தால் எந்த வயதிலும் கற்றுக்கொள்ளலாம் என்பதை அந்த மாதங்கள் காட்டிவிட்டன.

2021இல் குரல் பதிவை இரு மடங்கு வேகத்தில் கேட்கும் வசதி வந்தது. வேலைப் பளு உள்ளவர்களுக்கு அது வரம்தான். அலுவலகக் குழுவில் வரும் நான்கு நிமிடப் பதிவை இரண்டு நிமிடத்தில் முடித்துவிடலாம். பாட்டியின் பதிவை மட்டும் அப்படிக் கேட்காதீர்கள் என்பது குரலை வைத்தே பிழைக்கும் ஒருத்தியின் வேண்டுகோள். அவர் மூச்சு வாங்குகிறாரா, குரல் கம்மியிருக்கிறதா, சொல்ல வந்ததை விழுங்கிவிட்டாரா என்பதெல்லாம் சொற்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளியில்தான் தெரியும்.

குரலையும் நம்ப முடியாத காலம்

அதே குரல் இப்போது மோசடிக்கும் பயன்படுகிறது. ஒருவர் பேசிய சிறிய ஒலித்துண்டை வைத்து அவர் குரலைப் போலவே செயற்கை நுண்ணறிவால் பேச வைக்க முடியும். "அம்மா, என் போன் கெட்டுப்போச்சு, இந்த நம்பருக்கு உடனே காசு போடுங்க" என்று மகன் குரலிலேயே வந்தால் எந்தத் தாய்தான் பதறமாட்டார்? குரல் யாருடையது என்று ஆராய்வதில் பயன் இல்லை. அந்த அழைப்பைத் துண்டித்துவிட்டு, நமக்கு ஏற்கெனவே தெரிந்த எண்ணில் மகனைத் திரும்ப அழைப்பதுதான் பாதுகாப்பு. வீட்டுக்குள் மட்டும் தெரிந்த ஒரு சொல்லை வைத்துக்கொள்ளலாம். பழைய நாய்க்குட்டியின் பெயரோ, வீட்டில் கூப்பிடும் ஒரு பட்டப்பெயரோ போதும். எங்கும் எழுதிப் பதிவிடாத சொல்லாக அது இருக்க வேண்டும்.

இன்னொரு பழைய வித்தை இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. தெரிந்தவர் கணக்கிலிருந்தே செய்தி வரும்: "உங்க நம்பருக்கு ஆறு இலக்க எண் ஒன்னு தவறா வந்திருக்கு, அதை அனுப்புங்க." அனுப்பினால் உங்கள் வாட்ஸ்அப் கணக்கே கைமாறிவிடும். பிறகு உங்கள் பெயரில் உங்கள் உறவினர்களிடம் பணம் கேட்பார்கள். அந்த எண்ணை யாருக்கும், எந்தக் காரணத்துக்கும் தரக் கூடாது. வாட்ஸ்அப் அமைப்புகளில் இரு படிச் சரிபார்ப்பை இயக்கி வைத்தால் இன்னொரு பூட்டு கூடும். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே வங்கிக்கும் 997 என்ற தேசிய மோசடி எதிர்ப்பு மைய எண்ணுக்கும் அழைக்க வேண்டும். சீக்கிரம் சொன்னால்தான் பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குப் போவதைத் தடுக்க வாய்ப்பு இருக்கும்.

வதந்திக்கும் ஒரு சின்ன அடையாளம் இருக்கிறது. வாட்ஸ்அப் செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பல கைகள் மாறி வந்தது என்று அர்த்தம். அப்படிப்பட்ட செய்தியை ஒரு நேரத்தில் ஒரே ஓர் உரையாடலுக்குத்தான் அனுப்ப முடியும் என்று 2020இல் கட்டுப்பாடு வந்தது. அந்த அம்பைப் பார்த்தால் கை கொஞ்சம் நிற்கட்டும். சந்தேகம் இருந்தால் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் 'செபெனார்ஞா' இணையத்தளத்தில் தேடிப் பார்க்கலாம்.

எல்லாவற்றிலும் இருக்க வேண்டுமா?

இளம் வேலைக்காரர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. "அக்கா, புதுசா ஒன்னு வந்திருக்கு, நான் சேரலைன்னா பின்தங்கிடுவேனா?"

2021 மே மாதம் கிளப்ஹவுஸ் ஆண்ட்ராய்டுக்கு வந்தபோது தமிழர்கள் இரவெல்லாம் அதில் பேசினார்கள். குரலை நம்பும் எங்கள் துறையில் அதைப் பற்றிப் பெரிய பரபரப்பு. வானொலிக்கே முடிவு வந்துவிட்டது என்றுகூடச் சிலர் சொன்னார்கள். கட்டுப்பாடுகள் தளர்ந்து மக்கள் வெளியே போகத் தொடங்கியதும் அந்த அறைகள் காலியாகிவிட்டன. 2023 ஜூலையில் திரெட்ஸ் வந்து ஐந்தே நாளில் 10 கோடிப் பேரைச் சேர்த்தது. சேர்ந்த பலர் சில வாரங்களில் எட்டிப் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டார்கள். அந்தச் செயலி பிறகு நிதானமாக வளர்ந்தது. முதல் வாரக் கூட்டத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்பதே இந்த இரண்டும் சொல்வது.

எனக்குப் பயன்படும் ஒரு வழக்கத்தைச் சொல்கிறேன். புதிய செயலி வந்தால் என் பெயரைப் பதிவு செய்து வைத்துவிட்டு மூன்று மாதம் காத்திருப்பேன். அதற்குப் பிறகும் நேயர்கள் அங்கே இருந்தால் அந்த மூன்று கேள்விகளோடு உள்ளே போவேன். உங்களுக்கு நேயர்கள் இல்லாமல் இருக்கலாம். ஆனால் வாடிக்கையாளர், சக ஊழியர், குடும்பம் என்று யாராவது இருப்பார்கள். அவர்கள் எங்கே இருக்கிறார்களோ அந்த இரண்டு மூன்று இடங்களில் ஒழுங்காக இருந்தால் போதும். ஒன்பது செயலிகளில் அரைகுறையாக இருப்பவரை யாராலும் எங்கும் பிடிக்க முடிவதில்லை.

இந்த வாரமே செய்யக்கூடியவை

ஈப்போ அம்மாவின் அழைப்புக்குப் பிறகு நேயர்கள் சிலர் தங்கள் வீட்டில் என்ன செய்கிறார்கள் என்று அனுப்பியிருந்தார்கள். அவற்றிலிருந்து நான்கைத் தருகிறேன்.

கிள்ளானில் ஒரு குடும்பம் இரண்டு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறது. ஒன்று அரட்டைக்கு. காலை வணக்கம், நகைச்சுவை எல்லாம் அங்கே. இன்னொன்று சேதிக்கு மட்டும். பிறப்பு, இறப்பு, மருத்துவமனை, கல்யாணம் தவிர வேறு எதுவும் அதில் வராது. அதனால் அந்தக் குழுவில் மணி அடித்தால் எல்லாரும் எடுத்துப் பார்க்கிறார்கள்.

இரண்டாவது, துக்கச் செய்திக்கு அழைப்புச் சங்கிலி. பழைய முறைதான். ஒருவர் நான்கு பேரை அழைப்பார், அந்த நால்வரும் ஆளுக்கு நான்கு பேர். இரண்டே சுற்றில் 20 வீடுகளுக்குச் செய்தி போய்விடும். துக்கத்தில் இருக்கும் வீட்டார் நான்கு அழைப்போடு நிறுத்திக்கொள்ளலாம். யார் யாரை அழைப்பது என்பதை முன்பே பேசி வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மூன்றாவது, வீட்டுக்கு ஒரு பொறுப்பாளர். ஆண்டுக்கு ஒரு முறை, தீபாவளிக்கு முன் வீடு சுத்தம் செய்யும் நாளில், ஒரு பேரப்பிள்ளை எல்லாருடைய படங்களையும் ஒரு வன்தட்டில் நகலெடுத்து வைக்கிறான். கணக்குகளின் மீட்பு எண், மின்னஞ்சல் எல்லாம் சரியாக இருக்கிறதா என்றும் பார்த்துவிடுகிறான்.

நான்காவதை எழுதியவர் ஒரு பாட்டி. பேரன் அழைப்பை எடுப்பதே இல்லையாம். "போன் அடிச்சா எடுக்க மாட்டேங்குறான்மா. அவன் அக்காவை விட்டு எனக்கும் இன்ஸ்டாகிராம் போட்டுக்கொடுக்கச் சொன்னேன். அவன் போட்ட ஸ்டோரிக்கு ஒரு இதயம் அமுக்கினேன். உடனே 'பாட்டி!'ன்னு பதில் வந்துச்சு. இப்போ சனிக்கிழமையானா அவனே கூப்பிடுறான்."

அந்தப் பாட்டிக்கு இன்ஸ்டாகிராமில் தெரிந்தது அந்த ஒரு பொத்தான் மட்டும்தான். ரீல்ஸ் என்றால் என்ன என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. பேரன் எந்த இடத்தில் இருக்கிறான் என்று தெரிந்துகொண்டு அங்கே போய் ஒரு முறை கதவைத் தட்டினார். அதற்குத் தேவையான அளவு கற்றுக்கொண்டார். அடுத்த ஆண்டு பேரன் வேறு செயலிக்கு மாறினால், அக்காவை மறுபடியும் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொள்வார். காலத்தோடு ஓடுவது என்றால் நமக்கு இவ்வளவு போதும் என்று நினைக்கிறேன்.